பெரிய அசம்பாவிதம் என்றால் ரத்தக் கையிருப்பை மூன்று மடங்காக்க வேண்டுமா? டிராமா மருத்துவமனையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

குளிர்பெட்டி (கேள்வி):

வணக்கம். ஒரு டிராமா மருத்துவமனையின் (பலத்த காயம்பட்டவர்களைப் பார்க்கும் இடம்) ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருக்கிறேன், இது நான்காவது வருஷம். குண்டுவெடிப்பு, துப்பாக்கிச்சூடு, நிலநடுக்கம், கலவரம், தொற்றுநோய் என்று எது வந்தாலும் ரத்த வங்கி என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதித் தரும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நிர்வாகத்தில் ஒருவர் கூட்டத்திலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "நெருக்கடி என்றால் தேவை மூன்று மடங்கு, ஸ்டாக்கையும் மூன்று மடங்கு வை." அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தெரியாது, ஆனால் அப்படித்தானாம்.

எனக்கு உறுத்துவது வேறு. கொரோனா பொதுமுடக்க மாதங்களின் ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். மொத்தமாக வெளியே போன பைகள் நன்றாகவே குறைந்திருக்கின்றன. ஆனால் "அவசரம், கிராஸ்மேட்ச் இல்லாமல்" (அதாவது நோயாளியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்க்காமலே கொடுத்தது) என்று சிவப்பு மையில் எழுதிய வரிகளை மட்டும் தனியாக எண்ணினால் முந்தைய வருஷத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. சாலையில் வண்டியே ஓடாத நாட்களில் இவை யாருக்குப் போயின? எங்கள் இடத்தில் மட்டும்தான் இப்படியா, இல்லை எல்லா இடத்திலும் இதே கதையா? நெருக்கடி வந்தால் தேவை கூடும் என்பது உண்மையா, அல்லது நாம் எல்லோரும் பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பதா?

இரவுஷிஃப்ட்:

மயக்க மருந்து டாக்டர், டிராமா பக்கம்தான் பாதி வாழ்க்கை. உங்கள் நிர்வாகி சொன்னதில் பாதி சரி. தேவை கூடும், ஆனால் அவர் நினைக்கிற மாதிரி பரவலாகக் கூடாது. சில பேருக்கு மட்டும், சில மணி நேரத்துக்கு மட்டும், பயங்கரமாகக் கூடும்.

2017 அக்டோபர் 1, லாஸ் வேகஸ் இசை விழாத் துப்பாக்கிச்சூடு. காயம்பட்டவர்கள் 800க்கும் மேல், அதில் குண்டு பாய்ந்தவர்கள் மட்டும் 400க்கும் அதிகம். முதல் 24 மணி நேரத்தில் அந்த ஊர் மருத்துவமனைகள் ஏற்றியதெல்லாம் சேர்த்து, சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் எல்லாம் கணக்கில் எடுத்தும், 500 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. காயம்பட்டவர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு ஒன்றுகூட வராது. ஆனால் அந்தத் தலைக்கு-ஒன்று கணக்கு இருக்கிறதே, அதைப் போல ஏமாற்றும் கணக்கு வேறில்லை. தலைக்கு ஒன்று யாருமே வாங்குவதில்லை. பெரும்பாலானவர்கள் பூஜ்யம். கை ஒடிந்தவர், கூட்டத்தில் மிதிபட்டவர், கண்ணாடி கிழித்தவர், இவர்கள் எமர்ஜென்சியை நிரப்புவார்கள், ரத்த வங்கியைத் தொடவே மாட்டார்கள். வயிற்றில் குண்டு, இடுப்பெலும்பு நொறுங்கல், தொடை ரத்தக்குழாய் அறுந்தது என்று நாலைந்து பேர் வந்தால் போதும், ஒவ்வொருவரும் இருபது முப்பது என்று உறிஞ்சிவிடுவார்கள். 24 மணி நேரத்தில் 10 யூனிட் சிவப்பணுவுக்கு மேல் போனால் மாஸிவ் டிரான்ஸ்ஃப்யூஷன் (பெருமளவு ரத்தம் ஏற்றுவது) என்பது பழைய வரையறை. நிஜத்தில் அந்தப் பத்தும் முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடும்.

அதனால் உங்கள் திட்டத்தில் "எத்தனை யூனிட்" என்று எழுதுவதற்கு முன் "எத்தனை மணி நேரத்தில்" என்று எழுதுங்கள். 2015இல் வெளியான ப்ராப்பர் (PROPPR) என்ற ஆய்வில் 680 பேர், 12 டிராமா மையங்கள்: பிளாஸ்மா, பிளேட்லெட், சிவப்பணு மூன்றையும் 1:1:1 என்று கொடுத்தவர்களுக்கும் சிவப்பணுவை இரட்டிப்பாகக் கொடுத்தவர்களுக்கும் மொத்த இறப்பில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் வடிந்தே இறந்தவர்கள் முதல் குழுவில் 9.2%, இரண்டாவதில் 14.6%. ரத்தம் வடிந்து சாகிறவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று நாலு மணி நேரத்திலேயே போய்விடுகிறார்கள். நாளைக்கு வரும் ரத்தம் அவர்களுக்கு எதற்கு?

மூன்று என்ற எண்ணுக்கும் ஒரு மூலம் உண்டு, அது உங்கள் நிர்வாகி காதில் அரைகுறையாக விழுந்திருக்கலாம். அமெரிக்க ரத்த வங்கிகளின் கூட்டமைப்பான ஏஏபிபி, பேரிடர் நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறது: மருத்துவமனையில் சேர்க்கப்படுகிற ஒருவருக்கு 3 யூனிட் ஓ குரூப் சிவப்பணு. அது ஆளுக்கு மூன்று. ஸ்டாக்குக்கு மூன்று மடங்கு இல்லை!

அவசர_அறிவிப்பு:

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? சம்பவம் நடந்த அடுத்த நிமிஷமே எல்லா குரூப்பிலும் "ரத்தம் தேவை, உடனே வாருங்கள்" என்று மெசேஜ் தட்டினால் ஆயிரம் பேர் வருவார்கள். நம் மக்கள் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். ஸ்டாக் எல்லாம் தானாக ஏறும்.

முகாம்காரன்:

இருபது வருஷமா ரத்ததான முகாம் நடத்துறவன் என்ற உரிமையில் சொல்கிறேன் தம்பி, தயவு செய்து அந்த மெசேஜைத் தட்டாதீர்கள்.

2001 செப்டம்பர் 11 இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அடுத்த சில வாரங்களில் வழக்கத்தைவிட லட்சக்கணக்கான யூனிட் கூடுதலாகச் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏற்றியது 260 யூனிட்கூட இல்லை. காரணம் கொடூரமானது: அந்தக் கட்டடங்களில் இருந்தவர்களில் ஒன்று வெளியே வந்து பிழைத்தார்கள், இல்லை உள்ளேயே இறந்தார்கள், நடுவில் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தவர்கள் குறைவு. சேர்ந்த ரத்தம் என்னாகும்? சிவப்பணு 42 நாள். பிளேட்லெட் 5 நாள், சில இடங்களில் 7. நிறையப் பைகள் காலாவதியாகிக் குப்பைக்குப் போயின. 2003இல் ஈரானின் பாம் நிலநடுக்கத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் யூனிட் குவிந்தது, முதல் நாட்களில் மருத்துவமனைகளுக்குப் போனது அதில் கால்வாசிக்கும் குறைவு. நிலநடுக்கத்தில் எலும்பு முறிவும் நசுங்கலும்தான் அதிகம், சிறுநீரகம் போய் டயாலிசிஸ் தேடுவார்கள், ரத்தம் அந்த அளவுக்குத் தேவைப்படாது.

வீணாவது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி அதற்கு அப்புறம் வருவது. முதல் நாள் ஓடி வந்து கொடுத்த ஆள் அடுத்த இரண்டு மூன்று மாதம் கொடுக்க முடியாது. என் நோட்டில் அவர் பெயருக்கு நேராகக் கோடு விழுந்துவிடும். அப்படி எல்லோரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால், வந்த பைகள் எல்லாம் ஒரே வாரத்தில் காலாவதியாகும், அதே வாரத்தில் கூப்பிடுவதற்கும் ஆள் இருக்காது. ஒருமுறை எங்களுக்கு அப்படி ஆனது. ஊரே திரண்டு வந்த முகாமுக்குப் பிறகு ஏழாவது வாரம் போன் மேல் போன் போட்டேன், "அன்னிக்குத்தானே அண்ணே கொடுத்தேன்" என்று எல்லோரும் ஒரே பதில். டேபிளும் கட்டிலும் போட்டு, பிஸ்கட் பாக்கெட்டை அடுக்கி வைத்து, மத்தியானம் வரைக்கும் நானும் நர்ஸம்மாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்கே எடுத்த ரத்தத்தை அன்றைக்கே ஏற்றவும் முடியாது. எச்ஐவி, மஞ்சள் காமாலை எல்லாம் டெஸ்ட் பண்ணி, பிரித்து, லேபிள் ஒட்டி வர ஒரு நாளாவது ஆகும். இரவுஷிஃப்ட் டாக்டர் சொல்கிற அந்த நாலு மணி நேரத்தைக் காப்பாற்றுவது சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்றுமே நடக்காத நாளில், யாரோ கொடுத்துவிட்டுப் போன பை. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு அன்றைக்கு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமே "இப்போதைக்குப் போதுமான ரத்தம் இருக்கிறது, நன்றி" என்று அறிவித்தது. பாடம் கற்றுக்கொண்டார்கள்.

அவசர_அறிவிப்பு:

சரி அண்ணே, தப்புதான். அப்போ என்னதான் அனுப்புவது?

முகாம்காரன்:

"பெயர் கொடுங்கள், நாங்கள் கூப்பிடும் தேதியில் வாருங்கள்." அவ்வளவுதான். பாதிப் பேர் பெயர்கூடக் கொடுக்க மாட்டார்கள், அந்தச் சூடு அப்படி. மீதிப் பாதி நமக்குப் போதும். ஓ நெகட்டிவ்காரர்களை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

ஓநெகட்டிவ்_கவுண்ட்டர்:

நான் ரத்த வங்கிக்காரி, குளிர்பெட்டியைவிடச் சில வருஷம் சீனியர். தம்பி, டாக்டரும் அண்ணனும் தேவையையும் வரத்தையும் பேசிவிட்டார்கள். நடுவில் இருக்கிற லேபை யாரும் பேசவில்லை, நெருக்கடி நேரத்தில் முறிகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

ஒரு ராத்திரி எங்களிடம் ஒரே நேரத்தில் பதினோரு பேர் வந்தார்கள், பெரிய விபத்து. பெயர் தெரிந்தவர் இரண்டே பேர். மற்றவர்கள் எல்லாம் "அறியாத ஆண் 3", "அறியாத ஆண் 4". கவுண்ட்டருக்கு ஒரு ட்ரேயில் ஒன்பது சாம்பிள் டியூப் வந்தது, அதில் இரண்டு டியூபில் "அறியாத ஆண் 5". கையெழுத்து வேறு, நேரம் ஒன்று. ஒன்று ஏ பாசிட்டிவ், இன்னொன்று பி பாசிட்டிவ். அந்த நிமிஷம் என் முதுகில் ஓடிய வேர்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏதாவது ஒன்றை நம்பிப் பை கொடுத்திருந்தால், காயத்தில் பிழைத்த ஆளை நாமே கொன்றிருப்போம். இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஆளுக்கு ஓ குரூப்பே கொடுத்துக்கொண்டிருந்தோம், புதிதாக இரண்டு சாம்பிள் எடுத்து ஒத்துப்போகும் வரை. மொத்தத் தேவை அதிகமில்லாத ராத்திரி அது. ஆனால் ஓ மட்டும் காலியாகிவிட்டது.

இதுதான் விஷயம். குழப்பம் கூடக் கூட ஓ குரூப்பின் மேல் பாரம் ஏறும், உடம்பில் காயம் கூடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2024 ஜூனில் லண்டனில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? குண்டும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. சில பெரிய மருத்துவமனைகளுக்கு லேப் வேலை செய்துகொடுத்த சின்னோவிஸ் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை ஹேக்கர்கள் பூட்டிவிட்டார்கள். நோயாளியின் குரூப்பைப் பார்த்துப் பொருத்துவது வழக்கமான வேகத்தில் நடக்கவில்லை, ஆகவே கிட்டத்தட்ட யாருக்கும் ஒத்துப்போகும் ஓ ரத்தத்தைக் கொடுக்க வேண்டிய நிலை. ஓ நெகட்டிவும் ஓ பாசிட்டிவும் உள்ளவர்கள் வாருங்கள் என்று நாடு முழுக்க அழைப்பு விட்டார்கள். பிரிட்டனில் ஓ நெகட்டிவ் நூற்றில் 8 பேருக்குத்தான், ஆனால் மருத்துவமனைகள் கேட்கும் ரத்தத்தில் சாதாரண நாளிலேயே கிட்டத்தட்ட 16% அது. சாதாரண நாளிலேயே அப்படி என்றால் யோசித்துப் பாருங்கள்.

அதனால் திட்டத்தில் இதை எழுதுங்கள்: ஆண்களுக்கும், பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய பெண்களுக்கும் முதல் பையிலிருந்தே ஓ பாசிட்டிவ். ஓ நெகட்டிவ் சிறுமிகளுக்கும் இளம் பெண்களுக்கும் ஒதுக்கி வையுங்கள், பின்னாளில் கர்ப்பத்தில் சிக்கல் வரக் கூடாது என்பதற்காக. இது டிராமா மையங்களில் பரவலான நடைமுறைதான், ஆனால் எழுதி வைக்காவிட்டால் ராத்திரி 2 மணிக்கு யாரும் துணிய மாட்டார்கள், எல்லோருக்கும் நெகட்டிவ் நெகட்டிவ் என்றே போன் வரும்.

அப்புறம் திரும்பி வரும் ரத்தப் பெட்டி. பதற்றத்தில் நாலு பேருக்கும் நாலு பெட்டி கேட்பார்கள். இரண்டு திறக்காமலே மூலையில் கிடக்கும். பல இடங்களில் குளிரை விட்டு வெளியே 30 நிமிடம் இருந்தால் திரும்ப ஸ்டாக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. பெட்டியை மூடி வைத்திருந்தால் தப்பும், யாராவது மூடியைத் திறந்து "இருக்கா" என்று பார்த்துவிட்டு அப்படியே விட்டால் போச்சு. பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆளை எமர்ஜென்சியில் நிறுத்துங்கள். பட்டம் எதுவும் வேண்டாம், கறாரான ஆள் போதும்.

குளிர்பெட்டி:

மேடம், அந்த "அறியாத ஆண் 5" கதையைப் படித்ததும் எழுந்து போய் எங்கள் தற்காலிக ஐடி பட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். 1, 2, 3 என்றுதான் இருக்கிறது. ஒரு எழுத்து மாறினால் போச்சு. இன்றைக்கே மாற்றச் சொல்கிறேன்.

ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. பொதுமுடக்கத்தில் ஏன் குறையவில்லை?

புள்ளிவிவரப்பூனை:

நான் மருத்துவர் இல்லை, விபத்துத் தரவுகளோடு வேலை செய்பவன்.

உங்கள் ரெஜிஸ்டரில் இருப்பது விசித்திரம் இல்லை. மொத்தத்தில் குறைந்தது தள்ளிப்போட்ட ஆபரேஷன்களால். மூட்டு மாற்று, இதய ஆபரேஷன் போன்றவை நின்றால் ரத்த வங்கிக்குப் பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார் என்று அர்த்தம். டிராமா அந்தக் கணக்கில் வராது, அதைத் தேதி மாற்றி வைக்க முடியாது.

2020இல் வண்டி குறைந்ததால் விபத்து குறைந்தது என்று எல்லோரும் நினைக்கிறோம், எண்ணிக்கையில் பல நாடுகளில் அது உண்மைதான். ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள்: ஓடிய தூரம் குறைந்தது, சாலையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 7% கூடி 38,800ஐத் தாண்டினார்கள். காலிச் சாலையில் வேகம் கூடியது, சீட் பெல்ட் போடாமல் ஓட்டினார்கள், குடித்துவிட்டு ஓட்டினார்கள். சின்ன இடிகள் காணாமல் போய், பெரிய இடிகள் தங்கின. ரத்தம் கேட்பது பெரிய இடிதான். அதே வருஷம் அங்கே துப்பாக்கிக் கொலை விகிதம் முந்தைய வருஷத்தைவிட ஏறக்குறைய 35% ஏறியது. குண்டு, கத்தி போன்ற ஊடுருவும் காயம் ஒன்று பத்து சறுக்கி விழுந்த கேஸை விட அதிக ரத்தம் குடிக்கும். ஆக, எமர்ஜென்சி வாசலில் கூட்டம் குறைந்தாலும் உங்கள் சிவப்பு மை வரிகள் குறையாது.

உங்கள் ஊரில் துப்பாக்கி இல்லாவிட்டாலும் தர்க்கம் அதேதான். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், காயத்தின் வகையைப் பாருங்கள். மாதவாரியாக "எத்தனை பேர் வந்தார்கள்" என்று வரைபடம் போடுவதை விட்டுவிட்டு, வந்தவர்களில் முதல் ஒரு மணி நேரத்தில் ரத்தம் ஏறியவர்கள் எத்தனை, அவர்கள் எப்படிக் காயப்பட்டார்கள் என்று இரண்டே நெடுவரிசை போடுங்கள். பதில் அங்கே இருக்கும்.

முகாம்காரன்:

பூனை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிராமாத் தேவை குறையாமல் இருந்த அதே மாதங்களில் வரத்து செத்துவிட்டது. கல்லூரி மூடல், ஆபீஸ் மூடல், முகாம் போட இடமே இல்லை. ஆபரேஷன்கள் நின்றிருந்ததால் முதலில் யாருக்கும் வலிக்கவில்லை. தள்ளிப்போட்டதெல்லாம் திரும்பி வந்தபோதுதான் வலித்தது. 2022 ஜனவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தன் வரலாற்றில் முதல்முறையாக "ரத்த நெருக்கடி" என்றே அறிவித்தது. தொற்று தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து!

இரவுஷிஃப்ட்:

குளிர்பெட்டி, எழுதும்போது இரண்டு சின்ன விஷயம் விட்டுவிடாதீர்கள். உறைந்த பிளாஸ்மா உருக அரை மணி நேரம் போல ஆகும், நாங்கள் போன் செய்த பிறகு உருக்க ஆரம்பித்தால் 1:1:1 எல்லாம் காகிதத்தில்தான். டிராமா மையம் என்றால் ஏபி குரூப்போ, ஏ குரூப்போ, நாலு பை உருக்கியே வைத்திருங்கள். உருக்கியதை ஃபிரிட்ஜில் 5 நாள் வரை வைக்க அனுமதிக்கும் நாடுகள் உண்டு, உங்கள் விதியைப் பாருங்கள். இரண்டாவது, ரத்தக்கசிவைக் குறைக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மருந்து. 2010இல் வந்த கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டோர், இறப்பு 16%இல் இருந்து 14.5%ஆகக் குறைந்தது. காயமான 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ரத்த வங்கியின் வேலை இல்லைதான், ஆனால் கையிருப்பு குறைவான ராத்திரியில் ரத்தம் கசிவதை நிறுத்துகிற எதுவும் உங்கள் வேலைதான்.

இன்னொன்று, யார் "போதும், நிறுத்து" என்று சொல்வது என்பதையும் எழுதுங்கள். மாஸிவ் டிரான்ஸ்ஃப்யூஷனைத் தொடங்கி வைக்கப் பத்துப் பேர் போன் செய்வார்கள். நிறுத்தச் சொல்லி ஒருவரும் செய்ய மாட்டார்கள். நோயாளி இறந்து அரை மணி நேரம் ஆன பிறகும் எங்கள் வங்கியிலிருந்து பெட்டி வந்துகொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

குளிர்பெட்டி:

டாக்டர், அது எங்களிடமும் நடந்திருக்கிறது. நான்தான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று மடங்கு போச்சு. முதல் மணி நேரம், நாலாவது மணி நேரம், ஏழாவது வாரம் என்று மூன்று தலைப்பு வைத்திருக்கிறேன். ஓ பாசிட்டிவ் வரியை எடுத்தவுடனேயே போட்டுவிட்டேன். நிறுத்தச் சொல்லும் ஆள் யார் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது, நாளைக் கூட்டத்தில் பெயர் வாங்காமல் எழுந்திருக்கப் போவதில்லை. பெட்டிக் காவலுக்கு ஆள் கிடைத்துவிட்டார், எங்கள் எமர்ஜென்சி வாசல் வாட்ச்மேன். கறார் என்றால் அவர்தான், போன வாரம் என்னையே ஐடி கார்டு இல்லை என்று வெளியே நிற்க வைத்தார்.